நேராகத் தெரிகிறது

கண்ணை மூடிக்கோங்க, கூப்பிடுற வரைக்கும் திறக்கக் கூடாது என்று சொல்லி சிஸ்டர் முதல் சொட்டு மருந்தை விட்டுவிட்டுப் போனதும் உச்சிமாகாளி கண்ணோடு சேர்த்து வாயையும் இறுக மூடிக்கொண்டார். இரண்டு கைகளையும் தொடைமேல் மல்லாத்தி வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி முதுகை நிமிர்த்தியிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய மகள் சுடலைவடிவு. இதே கண் ஆஸ்பத்திரியின் மாடியில், ரத்தம் எடுக்கிற அறையில் ஏழு மாதமாக வேலை பார்க்கிறாள். இன்றைக்கு மட்டும் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டு இல்லாமல் நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டு இல்லாமல் பார்த்தால் தினம் நடக்கிற நடைபாதைகூட வேறு நீளத்தில் இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு, மொத்தம் மூன்று சொட்டு, அப்புறம் கண்மணி விரிந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், அப்புறம் உள்ளே டாக்டர் ஹெப்சிபா. முப்பது நிமிஷம், கூடிப்போனால் நாற்பது. சுவர்க் கடிகாரத்தில் பத்தே பத்து. எதிர்வரிசையில் எட்டுப் பேர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தார்கள், எல்லோரும் ஒரே தூக்கத்துக்கு டோக்கன் வாங்கியிருப்பதுபோல. இந்த இடத்தில் கண் திறந்திருப்பது அவள் ஒருத்திதான் என்று தோன்றியதும் வடிவுக்குத் தன் கண் எரிகிற மாதிரி இருந்தது. மடியில் கிடந்த பைக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம். எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, நேற்றுச் சாயங்காலத்திலிருந்தே மனப்பாடம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி. பதினொன்று புள்ளி நாலு. ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டியது. பதினொன்று புள்ளி நாலு. பெயர் கிடையாது, வயது அறுபத்து மூன்று, ஆண், கண்ட்ரோல் நாற்பத்தேழு. பெயர் போடக் கூடாது என்பது ஆராய்ச்சியின் விதி. பெயர் இல்லாத அந்த நாற்பத்தேழு இப்போது அவள் பக்கத்தில் மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தது.

கண்ட்ரோல் என்றால் என்ன என்று அப்பாவுக்கு அவள்தான் சொன்னாள், அதைச் சரியாகச் சொல்லவில்லையோ என்பது மூன்று வாரமாகக் காலில் தைத்த முள். வயதானால் சிலருக்கு விழித்திரையின் நடுப்பாகம் கெட்டுப்போகிறது. ஓரத்தில் எல்லாம் தெரியும், நேரே பார்க்கிற இடம்தான் கலங்கும். இது யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது, உடம்புக்குள் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கிற அழற்சிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, அந்த அழற்சியை ரத்தத்தில் அளந்தால் கண்ணைப் பற்றி ஏதாவது தெரியுமா. இதுதான் டாக்டர் ஹெப்சிபாவின் கேள்வி. அதற்காக நோய் வந்தவர்கள் அறுபது பேர், ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் கண் நன்றாக இருக்கிறவர்கள் அறுபது பேர், இவர்கள்தான் கண்ட்ரோல். நோய் வந்தவர்கள் தானாக வந்தார்கள். நல்ல கண்ணோடு இருக்கிறவன் கண் ஆஸ்பத்திரிக்கு எதற்கு வரப் போகிறான்? நோயாளிகளுக்குத் துணையாக வந்த பெரியப்பாக்களையும் மாமியார்களையும் கெஞ்சி நாற்பத்தாறு வரைக்கும் கொண்டுவந்து, அதற்குமேல் நகராமல் நின்றபோதுதான் வடிவுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. எப்பா, ஒரு ஊசி ரத்தம்தான், கண்ணு நல்லா இருக்கிற ஆளுதான் எங்களுக்கு வேணும் என்று சொல்லிக் கூட்டி வந்தாள். அந்த வாக்கியத்தை அவள் அப்படியேதான் சொன்னாள். நல்ல கண்ணு வேணும். அவர் அதை ஊர் டீக்கடையில் போய், எம் மக ஆஸ்பத்திரியில நல்ல கண்ணாப் பாத்துச் சேக்கா என்று சொல்லியிருக்கிறார். சேத்து என்ன செய்யப் போறா, கொழம்பு வைக்கவா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அதையும் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். சுகர் கண்ட்ரோல்ல இருக்கு என்று சொல்வார்களே, அதுபோலத் தன் உடம்பில் எல்லாம் கண்ட்ரோலில் இருப்பதாக அம்மாவிடமும் பெருமை பேசினார். வடிவும் சிரித்தாள். அந்த வாரம் டாக்டர் ஹெப்சிபா பட்டியலைப் பார்த்து, நாற்பத்தேழா, நீ கெட்டிக்காரி வடிவு என்றார். கெட்டிக்காரி. அந்தச் சொல்லை அன்றைக்குப் பஸ்ஸில் சீவலப்பேரி விலக்கு வரைக்கும் வாயில் மிட்டாய்போல வைத்திருந்தாள். இப்போது நாக்கில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

அந்த நாளைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள், ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வேறு மாதிரி ஓடுகிறது. மாடி அறை, ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் சத்தம், மேஜைமேல் அட்டை. கறுப்புக் கோட்டில் கட்டம் கட்டமாக, குறுக்கும் நெடுக்குமாக, பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டு மாதிரி. நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். கண் சரியாக இருந்தால் கோடுகள் கோடுகளாக இருக்கும். நடுப்பாகம் கெட்டிருந்தால் கோடு நெளியும், உடையும், சில கட்டங்களே காணாமல் போகும். படிவத்தில் அதற்கு இரண்டே பெட்டி. நேராகத் தெரிகிறது. நேராகத் தெரியவில்லை. இரண்டாவது பெட்டியில் டிக் விழுந்தால் அன்றைக்கே கீழே அனுப்பி ஸ்கேன் எடுத்துவிடுவார்கள். முதல் பெட்டி என்றால் அவசரமில்லை, மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்து மருந்து விட்டுப் பார்ப்பார்கள். இன்றைய தேதி அப்படி வந்ததுதான். இடது கண்ணுக்கு அப்பா உடனே சொன்னார். வலது கண்ணுக்கு வந்தபோது, எப்பா, கோடெல்லாம் நேரா இருக்கா என்று அவள் கேட்டாள். கேட்டுக்கொண்டே சீசாவில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். முதல் தடவை ஓட்டிப் பார்க்கும்போது அவள் கண் லேபிளில்தான் இருக்கிறது, அவர் நேராத்தாம்மா இருக்கு என்கிறார், அவள் டிக் போடுகிறாள், அவ்வளவுதான். இரண்டாவது தடவை அவள் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். அப்பா ஆள்காட்டி விரலை அட்டைமேல் வைத்து ஒரு கோட்டை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டு வருகிறார். கொத்தனாருக்குக் கை சும்மா இருக்காது, பூசின சுவரைக் கண்டால் தடவாமல் போகமாட்டார், பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டு டிக் போடுகிறாள். இந்த இரண்டாவதில் நின்றுகொள்ளலாம் என்றுதான் பார்க்கிறாள். ஆனால் மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது வரும்போதெல்லாம் அவள் வேறு எதையாவது பார்க்கிறாள். இப்போது கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது. சிஸ்டர் தட்டோடு வந்து, தாத்தா, தலையை மேல தூக்குங்க, மாடு மாதிரித் தலையைக் குனிஞ்சா எப்படி மருந்து விட என்று சொல்லி இரண்டாவது சொட்டை விட்டாள். வடிவைப் பார்த்து, உங்க அப்பாவாக்கா, மூக்கு அப்படியே ஒட்டி வச்ச மாதிரி இருக்கு என்றாள். வடிவு சிரித்தாள். அப்பாவின் கன்னத்தில் வழிந்த மருந்தைப் பஞ்சால் ஒற்றியபோது அவர் ஒருமுறை துடித்து அடங்கினார்.

மின்கம்பம். அது எங்கிருந்தோ வந்து நின்றது. கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று, அந்தக் கரண்டு கம்பம் எப்பட்டி வளைஞ்சுது, லாரி கீரி இடிச்சிட்டா என்று கேட்டார். அவள் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. தெரியலப்பா என்றாள். கம்பம் வளையவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும்போது அதன் அடியில்தான் பஸ்ஸுக்கு நின்றாள், நேராக, தலைக்குமேல், வெயிலில். அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? ஆறு மாதமாக வாரத்துக்கு நாலைந்து பேரிடம் கோடு வளைந்து தெரிகிறதா என்று கேட்கிற வேலை அவளுக்கு. வெளியில் கேட்கிற கேள்வி வீட்டுக்குள் வந்தால் காதில் விழுவதில்லை. அப்புறம் மேலத்தெரு வீட்டுக் குளியலறைச் சுவர். பூச்சு ஒரு இடத்தில் புடைத்திருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னதற்கு அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, கலவை சரியில்லை என்று சித்தாளைத் திட்டினார், திட்டினதற்காக மறுநாள் அந்த அம்மாவுக்கு வடை வாங்கிக் கொடுத்தார். இது எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்கலாம். கோக்காமலும் விடலாம். அறுபத்து மூன்று வயதில் யாருக்குப் பூச்சு புடைக்காது, புரை ஆரம்பித்திருக்கலாம், வலது கண்ணில் எழுத்துப் பலகை இரண்டு வரிசை குறைவாகத்தான் வந்தது, படிவத்தில்கூட ஆரம்பப் புரை என்றுதான் எழுதியிருக்கிறது, புரை என்றால் பயமில்லை, எடுத்துவிட்டு லென்ஸ் வைத்துவிடுவார்கள், மறுநாளே வீட்டுக்குப் போகலாம். இல்லை என்றால். இந்த இடத்தில் அவள் நினைப்பு எப்போதும் படிக்கட்டில் கால் தவறினதுபோல ஒரு படி கீழே போய் விழும். நடுப்பாகத்து நோயில் மெதுவாக வருகிற வகை ஒன்று, பின்னால் புதிதாக ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிற வகை ஒன்று. கசிகிற வகைக்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள், போட்டால் நிற்கிறது, சிலருக்குத் திரும்பியும் வருகிறது. ஆனால் சீக்கிரம் வர வேண்டும். மாதக்கணக்கு இல்லை, வாரக்கணக்கு. வாரக்கணக்கு என்ற சொல்லை அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே ஐயா என்று, கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, எவ்வளவு சுலபமாக. நோயாளிப் பட்டியலில் முப்பத்தொன்றாம் ஆள், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ரத்தம் எடுக்கும்போது சொன்னார்: ரோடு தெரியுதும்மா, ரோட்டுல வர்ற ஆளுதான் தெரியல.

படிவம் என்றாலே அவளுக்குப் பயம், அது இன்று நேற்று வந்ததில்லை. கல்லூரியில் சேர்ந்தபோது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசில் நாலு நாள் நின்றார்கள். இந்த வீட்டில் இதற்குமுன் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தாத்தா படித்தாரா, இல்லை. பாட்டி, இல்லை. அப்பா, இல்லை. வரிசையாக எல்லாப் பெட்டியிலும் இல்லை இல்லை என்று அவள் எழுதிக்கொண்டு போக, அப்பா பக்கத்தில் நின்று, நல்லாப் பாத்து எழுதுட்டி, தப்பா எழுதினா அழிச்சிருவாங்க என்றார். எதை அழித்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்தக் காகிதத்தில் எந்தப் பெட்டியில் டிக் போட்டாலும் இரண்டு தடவை பார்ப்பாள். சீசா நம்பரை மூன்று தடவை பார்ப்பாள். கூட வேலை பார்க்கிறவர்கள் அவளை ஆடிட்டர் என்று கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு அந்த ஒரு பெட்டியை மட்டும் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? பார்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததால்தான் பார்க்கவில்லை. இல்லை, அப்படிச் சொல்ல முடியாது, அவசரம், கீழே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். நாலு பேரா, இரண்டு பேரா? இரண்டு பேர். இரண்டு பேர் ஒரு அவசரமா?

நேற்று அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த முதல் உணர்ச்சி பயம் இல்லை என்பதுதான் அவளைக் கூசச்செய்தது. மூன்று வாரம் உறைபெட்டியில் கிடந்த சீரத்தை எல்லாம் நேற்றுத்தான் மொத்தமாக மிஷினில் ஓட்டினார்கள். திரையில் வரிசையாக எண்கள் ஏறின. ஒன்று புள்ளி இரண்டு, மூன்று, பூஜ்யம் புள்ளி எட்டு, அப்புறம் பதினொன்று புள்ளி நாலு. நாற்பத்தேழு என்று பார்த்ததும் உள்ளே ஏதோ ஒன்று லேசானது. ஒரு வழி கிடைத்தது என்று லேசானது. டாக்டரிடம் போய், மேடம், அப்பாவுக்குச் சி.ஆர்.பி. கூடியிருந்தது, அதைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது, அதனால் வலது கண்ணைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள் என்று சொல்லலாம். சொன்னால் டிக் போட்டவள் மறைந்துபோவாள், எண்ணைப் பார்த்து எச்சரித்தவள் நிற்பாள். ஒருவேளை பாராட்டக்கூடச் செய்வார்கள். இரவு முழுக்க அந்த வாக்கியத்துக்கு மெருகு போட்டாள். ஆனால் அது பொய் என்பது மற்ற யாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும், தினம் அந்த மிஷினோடு இருக்கிறவள் அவள். பதினொன்று புள்ளி நாலுக்குக் கண்ணைத் தெரியாது. அப்பாவின் குதிகால் வெடிப்பில் சிமெண்டு ஏறிப் புண்ணாகி இருந்தது, அதற்கு ஏறியிருக்கும். கடைவாய்ப் பல் சொத்தை, அதற்கு. பீடி, அதற்கும். அன்றைக்கு லேசாகச் சளி பிடித்திருந்ததா? வெள்ளணுக்களில் இரண்டு வகையை எண்ணி ஒன்றை ஒன்றால் வகுக்கிற கணக்கு அன்றைக்கே வந்துவிட்டது, அதில் ஒரு குறையும் இல்லை. ஒரு மனிதனின் எண்ணை வைத்துக்கொண்டு அவன் கண்ணைச் சொல்லாதே, நூற்றிருபது பேரின் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கலாம், அதுவும் கேள்விதான், பதில் இல்லை என்று டாக்டர் ஹெப்சிபா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருக்கிறார். ரத்தம் எங்கேயோ ஒரு இடத்தில் நெருப்பு இருக்கிறது என்கிறது, எந்த வீட்டில் என்று சொல்வதில்லை. எந்த வீட்டில் என்று சொன்னது விரல். விரல் சொன்னதை அவள் பார்த்தாள். இதோ மூன்றாவது வந்துவிட்டது. அதில் அவள் தலையைத் தூக்குகிறாள், விரல் கோட்டின் நடுவே வந்ததும் நிற்பதைப் பார்க்கிறாள், அப்பாவின் நெற்றி சுருங்குவதைப் பார்க்கிறாள், விரல் மறுபடி நகர்ந்து கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் நேராத்தாம்மா இருக்கு என்கிறார். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பேனாவை முதல் பெட்டிக்குக் கொண்டுபோகிறாள்.

மூன்றாவது சொட்டு விட்டாயிற்று. பத்து முப்பத்திரண்டு. எதிர்வரிசையில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அப்பா கையைத் துழாவி அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி தொடையில் வைத்துக்கொண்டார், இருக்கிறாளா என்று பார்த்திருக்கிறார். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"எப்பா."

"ம்."

"அன்னைக்குக் கட்டம் போட்ட அட்டை ஒண்ணு காட்டினேம்லா. வலது கண்ணுக்குக் கோடெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"அதான் சொன்னம்லா. நேரா இருந்துச்சு."

"பாத்துச் சொன்னீங்களா, தடவிச் சொன்னீங்களா?"

 அவருடைய மூடிய இமைக்குள் கண் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைவது தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"நீ கோடு நேரா இருக்கான்னுதான கேட்ட? அச்சடிச்ச கோடு நேராத்தாம்ட்டி இருக்கும். எங் கண்ணுதான் அத வளைச்சுக் காட்டுது. கண்ணு காட்டுறதயெல்லாம் நம்பினா நான் ஒரு சுவரு கட்ட முடியுமா? அதான் தொட்டுப் பாத்துச் சொன்னேன்."

இருக்கா. அவள் அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றாள். படிவத்தில் தெரிகிறதா என்று இருக்கிறது. வாரத்துக்கு நாலைந்து பேரிடம் நேராத் தெரியுதா, நேராத் தெரியுதா என்றே கேட்டுப் பழகிய வாய், அப்பாவிடம் மட்டும் வீட்டுப் பேச்சாக இருக்கா என்று கேட்டிருக்கிறது. சுவர் நேராக இருக்கிறதா என்றுதானே அவரிடம் ஊரே நாற்பது வருஷமாகக் கேட்கிறது. கேட்ட கேள்விக்கு அவர் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறார். ஒரு நொடி அதில் தொற்றிக்கொள்ளப் பார்த்தாள், கேள்வி தப்பு, கேள்வியில்தான் தப்பு என்று. பிறகு விட்டுவிட்டாள். கேள்வி எப்படி இருந்தாலும் அவள் கண் முன்னால் விரல் நின்றது.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். கொடைக்கு முன்னாடியா பின்னாடியா என்று அவர் தனக்குத்தானே யோசித்துவிட்டு, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பிறகுதான் என்றார். அதற்கு இப்போது இரண்டு மாதம். வேலையில் எப்படி என்று கேட்டாள்.

"வரிசையா கல்லு வச்சிட்டு வருவேன். நடுவுல ஒரு கல்லு இல்லாத மாதிரி இருக்கும். கைய வச்சா கல்லு இருக்கும். அதனால ஒண்ணும் பெரிசா தெரியல."

"அப்ப ஏம்ப்பா சொல்லல? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"நல்ல கண்ணுதான் வேணும்னு நீதான சொன்ன. இது நல்லதில்லன்னு நான் சொன்னா உனக்கு ஒரு ஆளு கொறஞ்சிரும். அத்தன பேர் மத்தியில உம் பேரு என்னத்துக்கு ஆகும்னு பாத்தேன்." அவர் தலையை அவள் பக்கம் லேசாகத் திருப்பினார், கண்ணைத் திறக்கவில்லை. "இப்ப எப்படியும் டாக்டரம்மா பாத்திருவாங்க. நீ ஒண்ணு செய். ரத்தத்துல தெரிஞ்சிதுன்னு சொல்லிரு. எங்கப்பன் ரத்தத்தப் பாத்தேன், அதுல கண்ணு கெட்டது தெரிஞ்சிதுன்னு சொல்லு. உனக்கும் பேரு, ஒரு தொல்லையும் இல்ல."

அவளுக்கு அழுகை வரவில்லை. முகம் மட்டும் சூடேறியது. இரவு முழுக்கத் தான் மெருகு போட்ட அதே வாக்கியத்தை, ரத்தத்தில் என்ன பார்க்கிறார்கள் என்பதே தெரியாத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவர் சொல்லும்போது அதில் ஒரு அழுக்கும் இல்லை. அவர் அவளுக்காகச் சொல்கிறார். அவளும் அவளுக்காகத்தான் நினைத்தாள். டிக் போட்டதும் அப்படித்தான், நாற்பத்தேழுக்காக, கெட்டிக்காரிக்காக. இல்லை, அது மட்டும் இல்லை, அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான், முதல் பெட்டியில் டிக் போட்டால் அது அப்படியே ஆகிவிடும் என்பதுபோல. இரண்டும் கலந்து கிடந்தது. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எந்த மிஷினும் இல்லை. உச்சிமாகாளி, அறுபத்து மூன்று என்று கதவருகில் கூப்பிட்டார்கள். டார்ச் வெளிச்சத்தில் அப்பாவின் கண்மணிகள் அகலமாக, கறுப்பாக, ஒரு விளிம்பு மட்டும் மிச்சம் வைத்து விரிந்திருந்தன. அவருக்கு இப்போது பக்கத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது. அவள் அவருடைய முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் ஹெப்சிபா ஃபைலைத் திறந்தபடியே, கண்ட்ரோல் விசிட்தானே, வாங்க ஐயா, மகளோட தொந்தரவு தாங்காம வந்தீங்களா என்று சிரித்தார். வடிவு நின்றுகொண்டே சொன்னாள், மேடம், அந்தக் கட்டம் டெஸ்ட்டில் நான் போட்ட டிக் தப்பு, வலது கண்ணில் கோடு வளைந்து தெரிகிறது, இரண்டு மாதமாக. டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒன்றும் கேட்காமல் விளக்கை அணைத்து, தலையில் கருவியை மாட்டிக்கொண்டு, லென்ஸைப் பிடித்து வலது கண்ணுக்குள் பார்த்தார். மேலே பாருங்க. கீழே பாருங்க. நேரா என் காதைப் பாருங்க. இருட்டில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வழக்கமாக அரை நிமிஷத்தில் முடிகிற காரியம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விளக்கைப் போட்டு, நடுவில் வீக்கம் இருக்கிறது, கசிவு மாதிரித்தான் தெரிகிறது, இப்போதே ஸ்கேன் எடுக்கணும், ஊசி போட வேண்டியிருக்கும் என்று சொன்னார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. படிவத்தை மேஜையில் திருப்பி வைத்தார். முதல் பெட்டியில் நீல மையில் அவளுடைய டிக், சுத்தமாக, கோட்டுக்கு வெளியே போகாமல்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது? நேத்து சி.ஆர்.பி. வந்ததே, அதைப் பாத்தா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஆமா டாக்டரம்மா. ரத்தத்தப் பாத்துத்தான் எம் மக கண்டுபிடிச்சா. படிச்ச பிள்ளைலா."

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, வடிவையே பார்த்தார். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். வடிவு பைக்குள் இருந்த காகிதத்தை வெளியே இருந்தே தொட்டாள், மடிப்பு விரலில் தட்டுப்பட்டது.

"இல்ல மேடம். ரத்தத்துல அது தெரியாது. அப்பா அந்தக் கோட்டை விரல வச்சுத் தடவிப் பாத்துத்தான் சொன்னாங்க. நான் அதப் பாத்தேன். அன்னைக்கே தெரியும்."

டாக்டர் ஹெப்சிபா படிவத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். அதற்குக் கீழே இன்றைய தேதியைப் பார்த்தார். மூன்று வாரம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஸ்கேன் அறைக்கு ஒரு சீட்டு எழுதி நீட்டி, முதல்ல அப்பாவைக் கூட்டிட்டுப் போ, மத்ததை அப்புறம் பேசுவோம் என்றார்.

நடைபாதையில் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். அவள் தன் துப்பட்டாவை எடுத்து அவர் நெற்றிமேல் மறைப்பாகப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இப்படிப் போட்டு உடைச்சிட்டியேட்டி என்று ஒருமுறை சொன்னார்.  படி வருகிறது என்று அவள் சொல்ல, கால் வைத்துத் துழாவி இறங்கினார். கீழே வந்து நின்ற பிறகு கேட்டார்.

"ஒன் வேல போயிருமா?"

"தெரியலப்பா."

 ஸ்கேன் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். குனிந்து கழற்றி, காலாலேயே இரண்டையும் ஜோடி சேர்த்து ஓரமாக ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"எங் கண்ணு?"

"தெரியலப்பா," என்றாள் வடிவு.